உப்பு சரியாக இருந்தது

22 வயதில், ஒரு மலைக்கணவாயைக் கடந்து இறங்கிய நாளின் மாலையில் குடித்த பருப்பு சூப்பைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். என் வாழ்நாளில் உண்டவற்றுள் அதற்கு இணையாக ஒன்றுமில்லை என்று கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில், 53ஆம் வயதில், அதே விடுதிக்கு மகளுடன் திரும்பிப் போய், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு முறை அந்தச் சூப்பைக் குடித்தேன். அந்த இரண்டு வேளைகளுக்கும் நடுவே எனக்குப் புரிந்த ஒரு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

அந்த இடத்தின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால் இது ஒரு பரிந்துரையாகிவிடும். படிப்பவர்கள் அங்கே போய்க் குடித்துப் பார்த்துவிட்டு, இதற்கா இத்தனை பேச்சு என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான். நானே அதைக் கேட்டுக்கொண்டேன்.

1992ஆம் ஆண்டு செப்டம்பர். படிப்பு முடிந்து வேலை கிடைப்பதற்கு முன் வாய்த்த இடைவெளியில் நானும் நண்பனும் பயணம் கிளம்பியிருந்தோம். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போக ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரமுள்ள ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். ஆறு மணி நேர நடை என்று கீழே சொன்னார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வேகவைத்த நான்கு முட்டைகளும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கையில் இருந்தன. இள வயதுக்கே உரிய அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்பது மணிக்குள் தின்று தீர்த்துவிட்டோம். கணவாயின் உச்சிக்குச் சற்று முன்பாக மூடுபனி இறங்கியது. வழிக்கு அடையாளமாக அடுக்கி வைத்திருந்த கற்குவியல்கள் கண்ணில் படவில்லை. தவறான சரிவில் ஒரு மணி நேரம் இறங்கி, தவறை உணர்ந்து, இறங்கியதையெல்லாம் மறுபடி ஏறினோம். அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. சட்டை உள்ளே வியர்வையாலும் வெளியே மழையாலும் நனைந்திருந்தது. நடக்கும்போது உடம்பு கொதித்தது, நின்றால் பல் கிட்டியது.

மறுபுறத்தில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த விடுதியை நாங்கள் அடைந்தபோது மாலை நான்கு மணி. கிளம்பிப் பதினொரு மணி நேரம் ஆகியிருந்தது. விடுதி என்றால் ஒரே அறை. கல் சுவர், தாழ்ந்த கூரை, நீண்ட மரப்பலகை ஒன்று. உள்ளே ஒரு முதிய பெண்மணி இருந்தார். எங்கள் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் கைகள் நடுங்குவதைப் பார்த்தார். ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, அதை மேசைமேல் வைக்காமல், என் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து, தன் கைகளால் ஒரு கணம் அழுத்திப் பிடித்துவிட்டு விலகினார். பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், உப்பு, கூட ஒரு துண்டு காய்ந்த ரொட்டி. வேறு எதுவும் அதில் இருந்ததாக நினைவில்லை.

முதல் மிடறு தொண்டையில் இறங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்தது. துக்கத்தாலும் அல்ல, மகிழ்ச்சியாலும் அல்ல; உடம்பு தானாகவே அழுதது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சூப் நாக்கில் முடியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு சூடான கோடு போலக் கீழிறங்கி வயிற்றில் விரிவதை ஒவ்வொரு அங்குலமாக உணர்ந்தேன். அப்படி ஓர் உணவை என் உடம்பு முழுவதும் சேர்ந்து உண்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அதற்குப் புகைப்படம் கிடையாது. ஒரு சுருளுக்கு 36 படங்கள் என்றிருந்த காலம் அது. மலைகளை எடுக்கவே சுருள் போதாதபோது ஒரு கிண்ணம் சூப்பைப் படமெடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆகவே அந்த உணவு என் சொல்லில் மட்டுமே உயிரோடு இருந்தது.

சொல்லச் சொல்ல அது வளர்ந்தது என்பதை இப்போது அறிகிறேன். திருமணமான புதிதில் அதை வீட்டில் சமைத்துப் பார்க்கத் தொடங்கினேன். பருப்பு வகைகளை மாற்றினேன், வெங்காயத்தை வதக்கியும் வதக்காமலும் போட்டேன். ஒவ்வொரு முறையும் நல்ல சூப் கிடைத்தது. ஒரு முறையும் அந்தச் சூப் கிடைக்கவில்லை. காரணங்களைத் தேடினேன். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் குறையும். அந்த விடுதியில் நீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நெடுநேரம் ஆகும், அந்த நீண்ட வேக்காட்டில்தான் உருளைக்கிழங்கு கரைந்து சூப்போடு ஒன்றாகிறது என்று முடிவு செய்து, குறைந்த தீயில் மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தேன். பதம் அருகில் வந்தது, சுவை வரவில்லை. பிறகு, இதில் விறகுப் புகையின் மணம் இல்லை, அதுதான் குறை என்று எனக்குள் ஓர் எண்ணம் உறுதிப்பட்டது. அந்தப் புகை மணம் எனக்கு அவ்வளவு தெளிவாக நினைவிருந்தது. விறகடுப்பு உள்ள இடங்களுக்குப் போனபோதெல்லாம் சமைத்துப் பார்க்கும் அளவுக்கு அதை நம்பினேன்.

திரும்பிப் போகப் போகிறேன் என்று சொன்னபோது பலர் தடுத்தார்கள். பழைய இனிமையைத் தேடிப் போகாதே, போனால் இருப்பதும் கெடும் என்பதே எல்லாருடைய அறிவுரையும். அன்போடு சொன்ன அறிவுரை என்பதால் மறுத்துப் பேசவில்லை, ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஓர் உணவை நேசிக்கிறேன் என்றால் அது உண்மையில் என்னவாக இருந்தது என்று தெரிந்துகொள்ளும் கடமையும் எனக்கு இருக்கிறது. போய்ப் பார்க்கப் பயந்து பொத்தி வைத்திருக்கும் நினைவில் நேசிப்பது எதை?

நண்பனால் வர முடியவில்லை. அவனுக்கு முழங்காலில் தேய்மானம், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்தான். என் மகள் வந்தாள். அவளுக்கு 21 வயது. கிளம்புவதற்கு முந்தைய நாள் பழைய பெட்டியிலிருந்து 1992ஆம் ஆண்டின் நாட்குறிப்பைத் தேடி எடுத்து, பிரிக்காமலே பையில் வைத்தேன். அங்கே போய், சூப்பைக் குடித்த பிறகுதான் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன்.

இப்போது அந்த விடுதிவரை சாலை வந்துவிட்டது. கீழே உள்ள ஊரிலிருந்து காரில் நாற்பது நிமிடம். காலை எட்டு மணிக்கு வயிறார உண்டுவிட்டு, வழியில் மகள் நீட்டியதையெல்லாம் வாங்கித் தின்றுகொண்டு, பதினொன்றரை மணிக்குப் போய் இறங்கினோம். அறை ஒன்று நான்காகியிருந்தது. கல் சுவர் மட்டும் பழையது. முதிய பெண்மணி மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. அவருடைய மருமகள் சமைக்கிறார். அந்த மருமகளின் மகனான இளைஞருக்கு எனக்குத் தெரிந்த மொழி ஒன்று ஓரளவு தெரிந்ததால் இம்முறை பேச முடிந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன்பு அவருடைய மாமியார் கையால் சூப் குடித்தவன் நான் என்று சொன்னபோது அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சட்டென்று முகம் மாறி, மாமியார் உட்காரும் இடத்தைச் சுட்டிக்காட்டினார்.

சூப் வந்தது. நிறம் அதே நிறம், பதம் அதே பதம். என் கைகள் உண்மையிலேயே நடுங்கின. முதல் மிடறைக் குடித்தேன்.

உப்புக் கரித்தது.

இரண்டாவது மிடறிலும் கரித்தது. மகள் மெதுவாக என்னைப் பார்த்தாள்; அவளுக்கும் அப்படித்தான் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். உப்பு மிகுந்த பண்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான், மரியாதைக்காகக் குடிக்கிறவன் மட்டும் இல்லாவிட்டால். முப்பது ஆண்டுகளாக நான் எல்லாரிடமும் புகழ்ந்த உணவு, சுமாரான, உப்பு கூடிய ஒரு பருப்பு சூப்பாக என் முன் இருந்தது. எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தைவிட, அந்த முதிய பெண்மணிக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது போன்ற உணர்வே அதிகமாக வருத்தியது.

கேட்காமல் இருக்க முடியவில்லை. மாமியார் செய்த அதே முறைதானா, அளவுகள் ஏதேனும் மாறியிருக்கின்றனவா என்று இளைஞர் வழியாக, புண்படுத்தாத சொற்களாகத் தேடிக் கேட்டேன். அந்த அம்மாவுக்கு என் கேள்வியின் உள்ளே இருந்த கேள்வி உடனே புரிந்துவிட்டது. அடுப்படிக்குப் போய் ஒரு மரக்கரண்டியைக் கொண்டுவந்து காட்டினார். மாமியார் வைத்திருந்த கரண்டி. இந்தப் பானைக்கு இதில் இத்தனை கரண்டி உப்பு என்பது அவர் வைத்த கணக்கு, அது மாறவே இல்லை என்றார். பிறகு ஒரு வாக்கியம் சொன்னார். அதை இளைஞர் இப்படி மொழிபெயர்த்தார்: "இது நடந்து வருபவர்களுக்காக வைக்கும் சூப். காரில் வருபவர்கள் எல்லாருமே உப்பு அதிகம் என்கிறார்கள்."

அன்று இரவு அங்கேயே தங்கினோம். மகள் தூங்கியபின் நாட்குறிப்பைப் பிரித்தேன். அந்த நாளுக்கு ஆறே வரிகள் இருந்தன. களைப்பில் எழுத்து கோணியிருந்தது. வழி தவறியதைப் பற்றி மூன்று வரி. அதன்பின், "விடுதியில் பாட்டி சூப் தந்தார். மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரே நெடி. மூன்று கிண்ணம் குடித்தேன். உப்பு சரியாக இருந்தது." அவ்வளவுதான். என் வாழ்வின் மிகச் சிறந்த உணவைப் பற்றி அன்று நான் எழுதியது இவ்வளவே.

அந்த ஆறு வரிகளை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. இரண்டு கிண்ணம் குடித்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். மூன்று என்கிறது நாட்குறிப்பு. அது சின்ன விஷயம். ஆனால் விறகுப் புகை? இருபத்தைந்து ஆண்டுகளாக நான் துரத்திய அந்த மணம் அங்கே இருந்திருக்கவே முடியாது. சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில் நடந்திருக்கிறது. யோசித்துப் பார்த்தால், நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு பயணத்தில் ஒரு விறகடுப்பின் அருகே கழித்த இரவிலிருந்து அந்தப் புகை எழுந்து வந்து இந்தச் சூப்பில் கலந்திருக்க வேண்டும். நினைவு என்பது ஒருமுறை எழுதி மூடி வைத்த ஏடு அல்ல என்று ஆய்வாளர்கள் சொல்வதைப் படித்திருக்கிறேன். 2000ஆம் ஆண்டில் கரீம் நாடர் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் எலிகளில் செய்த ஆய்வில், உறுதியாகப் பதிந்துவிட்ட ஒரு நினைவுகூட, திரும்ப நினைக்கப்படும்போது சற்று நேரம் இளகிய நிலைக்கு வந்து, மீண்டும் பதிய வேண்டியிருக்கிறது என்று காட்டினார்கள். எலியின் அச்சத்தில் கண்டதை என் சூப்புக்கு அப்படியே பொருத்துவது அவசரம்தான். ஆனாலும், ஒவ்வொரு முறை நான் அந்தக் கதையைச் சொன்னபோதும் பானையின் மூடியைத் திறந்து எதையோ போட்டு மூடியிருக்கிறேன் என்பதில் இப்போது எனக்கு ஐயமில்லை.

என்னை நெடுநேரம் விழிக்க வைத்தது நாட்குறிப்பின் கடைசி வாக்கியம். உப்பு சரியாக இருந்தது. அதே கரண்டி, அதே கணக்கு. 22 வயதில் சரியாக இருந்த உப்பு 53 வயதில் கரித்தது என்றால் மாறியது உப்பு அல்ல.

பதினொரு மணி நேரம் ஏறி இறங்கியவன் எத்தனை லிட்டர் வியர்த்திருப்பான்? ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ 1 கிராம் சோடியம் வெளியேறும். ஆளுக்கு ஆள் அது அரை கிராமிலிருந்து 2 கிராம் வரை மாறுபடும். உப்பாகக் கணக்கிட்டால் லிட்டருக்கு இரண்டரை கிராம், அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் வழியெல்லாம் ஓடை நீரை மட்டுமே குடித்துக்கொண்டு, போனதை ஈடுசெய்யாமல் நடந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நேரத்தில் அட்ரினல் சுரப்பிகள் ஆல்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்து, இருக்கும் சோடியத்தைப் பிடித்து வைக்கும்படி சிறுநீரகங்களுக்குச் சொல்கின்றன. நாக்கும் அதற்கேற்ப மாறுகிறது. கடுமையான உழைப்புக்குப் பின் மனிதர்கள் வழக்கத்தைவிட உப்பு மிகுந்ததை விரும்புகிறார்கள். பாட்டியின் கரண்டி அந்த நாக்கை அறிந்த கரண்டி.

மிஷேல் கபனாக் என்ற உடலியல் அறிஞர் 1971இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்: அல்லீஸ்தீசியா. ஒரே தூண்டல், உடம்பின் உள்நிலைக்கு ஏற்ப இன்பமாகவோ துன்பமாகவோ மாறுவது என்பது அதன் பொருள். அவர் செய்த சோதனைகள் எளியவை. பசியோடிருப்பவருக்குச் சர்க்கரைக் கரைசலைத் தந்தால் இனிமையாக இருக்கிறது என்கிறார். குளுக்கோஸ் நீரை விழுங்கச் செய்துவிட்டுச் சற்று நேரம் கழித்து அதே கரைசலைத் தந்தால் திகட்டுகிறது என்கிறார். சுவைத்துவிட்டுத் துப்பிவிட்டால் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. உடல் சூடேறியவரின் கைக்குக் குளிர்ந்த நீர் இன்பம். உடல் குளிர்ந்தவருக்கு அதே நீர் வதை. பண்டத்தில் இருப்பதாக நாம் நினைக்கும் இன்பம், உடம்புக்கு இப்போது என்ன தேவை என்பதற்கான பதில். எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு எங்கோ இதைப் படித்தபோது, சரிதான் என்று தலையசைத்துவிட்டுக் கடந்துபோயிருந்தேன். அந்தக் கல் சுவருக்குள், கரித்த சூப்பின் தாகத்தோடு படுத்திருந்த இரவில்தான் அது என் கையில் வந்து அமர்ந்தது.

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம் பழமொழி. சிறு வயதில் நான் எதையாவது வேண்டாம் என்று தள்ளும்போதெல்லாம் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். பசித்தவன் சுவை பார்க்க மாட்டான், கிடைத்ததை உண்பான் என்பது அதன் பொருள். நான் அந்தப் பழமொழியோடு பணிவாக மாறுபடுகிறேன். பசிதான் ருசியை முழுமையாக அறியும். பசியாதவனுக்குக் கிடைப்பது சுவையைப் பற்றிய ஓர் அபிப்பிராயம் மட்டும்.

காலையில் மகளிடம் சொன்னேன்: "இன்று காரை அனுப்பிவிடலாம். நடந்து வந்து குடிப்போம்." அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "முட்டை மட்டும் போதும், அப்பா. பிஸ்கட் எடுக்க வேண்டாம்" என்றாள். என்னைவிட அவள் இந்த விஷயத்தில் தீவிரமாக இருந்தாள்.

கணவாய்வரை போவது என் வயதில் இயலாது என்பதால், பள்ளத்தாக்கின் அடிவரை விடுதிக்காரரின் வண்டியில் இறங்கி, அங்கிருந்து பழைய ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்தோம். ஏழு மணி நேரம் ஆயிற்று. சாலையில் நாற்பது நிமிடத்தில் கடந்த தொலைவு அது. பாதை பல இடங்களில் புதர் மண்டிக் கிடந்தது, நடப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பிற்பகலில் மழையும் வந்தது. என் தொடைகள் எரிந்தன, உதட்டை நக்கினால் உப்பு. கடைசி ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை. பசி முதலில் வயிற்றில் இருந்தது. பிறகு கால்களுக்குப் போயிற்று. கடைசியில் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியாதபடி எல்லா இடத்திலும் இருந்தது. அந்த நிலையை நான் முப்பத்தொரு ஆண்டுகளாக ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை. வேளை தவறாமல் உண்பவனாக வாழ்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் ஒரு வாடை முகத்தில் மோதியது. எங்களுக்கு முன்னால் வந்த யாரோ தங்கள் கம்பளிச் சட்டைகளையும் காலுறைகளையும் அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் காயப் போட்டிருந்தார்கள். நனைந்த கம்பளியின் வாடையும் வேகும் வெங்காயத்தின் மணமும் கலந்து வந்தன. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இது, இதுதான். புகை அல்ல, நனைந்த கம்பளி. இந்த முப்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் சொல்லாத, எனக்கே தெரியாமல் எங்கோ கிடந்த வாடை, அந்த ஒரு கணத்தில் 1992ஆம் ஆண்டின் அறையை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது: எங்கள் காலுறைகள் அதே கயிற்றில் தொங்கியது, அவற்றிலிருந்து நீர் சொட்டிய ஓசை, பாட்டியின் தோளில் கிடந்த பழுப்புத் துணி. மற்றப் புலன்களின் செய்திகள் மூளையில் தலாமஸ் என்னும் இடைநிலையைக் கடந்து போக, மணத்தின் செய்தி மட்டும் அதற்குக் காத்திராமல் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை எட்டிவிடுகிறது என்று மூளையியல் கூறுகிறது. நான் சொல்லிச் சொல்லித் தேய்த்த நினைவில், அங்கே இருந்திராத புகை சேர்ந்திருந்தது. சொல்லாமல் விட்ட நினைவு கறைபடாமல் இருந்திருக்கிறது.

அந்த அம்மா எங்களைப் பார்த்தார். எங்கள் கைகளைப் பார்த்தார். கிண்ணத்தில் சூப்பை ஊற்றி, மகளின் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, ஒரு கணம் அழுத்திப் பிடித்துவிட்டு விலகினார். மாமியாரிடமிருந்து வந்தது கரண்டி மட்டும் அல்ல என்று அப்போது கண்டேன். இந்தச் செய்கையை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, மகளிடம்கூட.

உப்பு சரியாக இருந்தது.

22 வயதின் சூப் திரும்பக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். அன்று வழி தெரியாத அச்சம் இருந்தது. இரவு எங்கே கழியும் என்று தெரியாத நிலையில், எதிர்பாராமல் ஒரு கதவு திறந்தது. இம்முறை கதவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், உள்ளே என்ன கிடைக்கும் என்றும் தெரியும். அந்த அச்சம் விலகிய நிம்மதியை எத்தனை மணி நேரம் நடந்தாலும் உண்டாக்கிக்கொள்ள முடியாது. கண்ணீர் வரவில்லை. ஆனால் அந்தச் சூடான கோடு வந்தது. நெஞ்சுக்குள் இறங்கி, வயிற்றில் விரிந்து, விரல் நுனிகள்வரை போயிற்று. முந்தைய நாள் சுமாராகத் தோன்றிய அதே பருப்பில் மண்ணின் மணமும், கரைந்த உருளைக்கிழங்கில் இலேசான இனிப்பும், ரொட்டியின் ஓரத்தில் கருகிய கசப்பும் தனித்தனியே தெரிந்தன. முந்தைய நாள் இவை எல்லாமே கிண்ணத்தில் இருந்தன. நான்தான் அங்கே இல்லை.

ஒரு கிண்ணமும் இன்னொன்றில் பாதியும் குடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மகள் மூன்று கிண்ணம் குடித்தாள். மூன்றாவதை வாங்கும்போது அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவள் எனக்காக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும். அவள் கண்களை மூடிக்கொண்டு குடித்தாள். அவளுடைய காலுறைகள் கயிற்றில் சொட்டிக்கொண்டிருந்தன.

இரவு நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். மண்ணெண்ணெய் அடுப்பைச் சொன்னதும், "ஆமாம், அந்த நெடி எனக்கு நினைவிருக்கிறது. நீ புகை புகை என்று சொல்லும்போதெல்லாம் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ அவ்வளவு ஆசையாகச் சொல்வாய் என்றான். பிறகு சூப்பில் பூண்டு இருந்ததா என்று கேட்டான். இப்போது இருக்கிறது, அப்போது இருந்ததா என்று தெரியவில்லை என்றேன். இருந்தது, தோலோடு முழுப் பற்களாக இருந்தது என்று அடித்துச் சொன்னான். கிண்ணம் நீல நிறம் என்றான். வெள்ளை என்றேன். நாட்குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

முழங்கால் அறுவை முடிந்து அவன் இப்போது நன்றாக நடக்கிறான். வரும் செப்டம்பரில் இருவரும் போவதாக இருக்கிறோம், பள்ளத்தாக்கிலிருந்து பழைய பாதை வழியாக. நம் இருவருடைய வேகத்துக்கும் பதினொரு மணி நேரம் ஆகும் என்று எச்சரித்தேன்.

"அவ்வளவு ஆக வேண்டும்" என்றான்.